பொற்கை முதல் ரப்பர்ப் பாதம் வரை: செயற்கை உறுப்புகளின் வரலாறு

முன்னுரை

கீரந்தை என்பவனின் மனைவி தனித்திருந்த வீட்டின் கதவை நள்ளிரவில் தட்டிய பிழைக்காகத் தன் கையைத் தானே வெட்டிக்கொண்ட பாண்டியனின் கதையை நாம் பள்ளிப் பருவத்திலேயே கேட்டிருக்கிறோம். சிலப்பதிகாரத்துக் கட்டுரை காதையில் மதுரையின் காவல் தெய்வம் கண்ணகியிடம் அந்நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறது. வெட்டிய கைக்குப் பதிலாகப் பொன்னால் ஒரு கை செய்து பொருத்திக்கொண்டதால் அம்மன்னனைப் பொற்கைப் பாண்டியன் என மரபு வழங்குகிறது. நீதி தவறாமைக்குச் சான்றாக இக்கதையை நாம் மாணவர்க்குச் சொல்கிறோம், சொல்லவும் வேண்டும்.

ஆயினும் கதை சொல்லாமல் விட்ட சில உண்டு. அந்தக் கையைச் செய்த பொற்கொல்லன் யார்? எஞ்சிய கையை அவன் எவ்வாறு அளந்தான்? எதைக் கொண்டு அதை உடலோடு பிணைத்தான்? வெட்டுண்ட இடம் ஆறிய பின் பொன்னின் பாரம் மன்னனை உறுத்தியதா? அக்கையால் அவன் ஒரு கவளம் சோறேனும் எடுத்து உண்ண முடிந்ததா? கதைக்கு இவ்வினாக்கள் வேண்டா. வரலாற்றுக்கு வேண்டும். உறுப்பை இழந்த ஒருவருக்கு மற்றொருவர் தம் கைத்திறனால் உறுப்பொன்றைச் செய்து கொடுக்கும் இப்பணி மூவாயிரம் ஆண்டுப் பழமை உடையது. அதன் வளர்ச்சியை, குறிப்பாகச் செயற்கைக் காலின் வளர்ச்சியை, இக்கட்டுரையில் காண்போம். ‘இந்த உறுப்பு யாருக்காகச் செய்யப்பட்டது?’ என்னும் ஒரு வினாவை மட்டும் வழிநெடுகக் கேட்டுக்கொண்டே செல்வோம்.

பழங்காலச் சான்றுகள்

இலக்கியச் சான்றுகளுள் மிகப் பழமையானது இருக்கு வேதத்தில் உள்ளது. போரில் காலை இழந்த விசுபலை என்பவளுக்கு அசுவினி தேவர்கள் உலோகக் கால் ஒன்றை அளித்ததாக அது கூறுகிறது. விசுபலை பெண்ணா, பந்தயக் குதிரையா என்பது குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் இழந்த காலுக்கு மாற்றாக வேறொரு கால் பொருத்தலாம் என்னும் எண்ணம் அக்காலத்திலேயே தோன்றிவிட்டது என்பது தெளிவு.

கையால் தொட்டுப் பார்க்கத்தக்க சான்று எகிப்தில் கிடைத்தது. பழைய தீப்சு நகரத்தின் கல்லறைப் பகுதியில், பாடம் செய்யப்பட்ட ஒரு பெண்ணின் உடலில், மரத்தாலும் தோலாலும் ஆன காற்பெருவிரல் ஒன்று காணப்பட்டது. இன்று கெய்ரோவில் உள்ள அவ்விரல் ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுப் பழமையானது. இறந்தவர் மறுமையில் முழு உடலோடு திகழ வேண்டும் என்பதற்காகச் செய்து வைத்த ஈமப் பொருளாக இது இருக்கலாம் என்று முதலில் ஐயம் எழுந்தது. விரலின் அடிப்பகுதியிலுள்ள தேய்மானம் அவ்வையத்தை நீக்கியது. அப்பெண் அதை அணிந்து நடந்திருக்கிறாள். அவளுடைய பாதத்திற்கு இசையும் வகையில் அது பலமுறை திருத்தப்பட்டதையும் பின்வந்த ஆய்வாளர் கண்டனர். இங்கிலாந்து ஆய்வாளர் ஒருவர் அதன் படியைச் செய்து, பெருவிரல் இல்லாத தன்னார்வலர்களை எகிப்தியச் செருப்போடு அணியச் செய்து பார்த்தார். அது நடைக்கு உதவியது. ஒருமுறை செய்து கொடுப்பதோடு வேலை முடிவதில்லை, அணிபவரின் உடலுக்கேற்ப மீண்டும் மீண்டும் திருத்த வேண்டும் என்னும் உண்மையை அந்தப் பெயரறியாக் கைவினைஞன் உணர்ந்திருந்தான்.

இத்தாலியின் கப்புவா நகரக் கல்லறையில் கிடைத்த கால், பொ.ஆ.மு. 300ஐ ஒட்டியது, மரத்தின்மேல் வெண்கலத் தகடு போர்த்தியது. இலண்டன் அறுவை மருத்துவர் கல்லூரியில் காக்கப்பட்டு வந்த அது, 1941ஆம் ஆண்டு வான்குண்டு வீச்சில் அழிந்துபோனது. போர்கள் எத்தனையோ பேரைச் செயற்கைக் காலை நாடவைத்தன. உலகின் பழைய செயற்கைக் கால்களுள் ஒன்றைப் போரே அழித்தது.

செல்வருக்கு ஒன்று, ஏழைக்கு ஒன்று

பதினாறாம் நூற்றாண்டுப் பிரான்சில் படை மருத்துவராக விளங்கியவர் அம்புரோசு பாரே. உறுப்பை நீக்கியபின் குருதியை நிறுத்தப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடுவதே அந்நாளைய வழக்கம். பாரே குருதிக் குழாய்களை நூலால் கட்டும் முறையைக் கையாண்டார். அறுவைக்குப் பின் உயிர் பிழைத்தவர்க்குச் செயற்கை உறுப்புகளையும் வடிவமைத்தார். அவற்றைச் செய்து தந்தவன் பாரிசு நகரத்துப் பூட்டுத் தொழிலாளி. கவசமணிந்த வீரனின் காலைப் போன்ற தோற்றமும், முழங்காலில் பூட்டித் திறக்கும் அமைப்பும் கொண்ட கால் ஒன்றின் படம் பாரேயின் நூலில் உள்ளது. அதே நூலில் எளிய மரக்கட்டைக் கால் ஒன்றின் படமும் உண்டு. அது ஏழைகளுக்கான கால் என அவரே குறிப்பிடுகிறார். நாம் கேட்டுவரும் வினாவுக்கு இதனினும் வெளிப்படையான விடை வேறெங்கும் கிடைப்பது அரிது.

இப்பிரிவினை தொடர்ந்தது. 1815ஆம் ஆண்டு வாட்டர்லூப் போரில் காலிழந்த ஆங்கிலப் பிரபு ஒருவருக்காகச் சேம்சு பாட்சு என்னும் கைவினைஞர் ஒரு மரக்கால் செய்தார். விலங்கின் குடலை முறுக்கிய நாண்கள் முழங்காலையும் கணுக்காலையும் இணைத்தன. முழங்கால் மடங்கும்போது முன்பாதம் தானே உயர்ந்தது. அதே போரில் கால் இழந்த எளிய சிப்பாய்க்குக் கிடைத்தது கட்டைக்கால்தான்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், 1861ஆம் ஆண்டு சூன் 3ஆம் நாள், பொறியியல் பயின்றுவந்த சேம்சு ஆங்கர் என்னும் பதினெட்டு வயது இளைஞர் பீரங்கிக் குண்டால் காலிழந்தார். தமக்குத் தரப்பட்ட கட்டைக்கால் பிடிக்காமல், மரப்பீப்பாயின் சட்டங்களைச் செதுக்கி, முழங்காலும் கணுக்காலும் மடங்கும் கால் ஒன்றைத் தாமே செய்துகொண்டார். பின்னர் அதையே தொழிலாக மேற்கொண்டார். அணிபவரே செய்பவராகவும் ஆனதால் ஏற்பட்ட முன்னேற்றம் அது.

முதல் உலகப் போர் இத்தொழிலின் அளவையே மாற்றிவிட்டது. பிரிட்டனில் மட்டும் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் கையையோ காலையோ இழந்து திரும்பினர். 1915ஆம் ஆண்டு இலண்டனை அடுத்த ரோகாம்டனில் அவர்களுக்கெனத் தனி மருத்துவமனை திறக்கப்பட்டது. விமான விபத்தில் காலிழந்த மார்செல் டிசூட்டர் என்பவருக்காக அவர்தம் உடன்பிறந்தார் செய்த அலுமினியக் கலவைக் கால், மரத்தின் பாரத்திலிருந்து விடுதலைக்கு வழிகாட்டியது. உறுப்பை இழந்த குடிமகனுக்கு உறுப்பு வழங்குவது அரசின் கடமை என்னும் எண்ணமும் அப்போர்க் காலத்தில்தான் வேரூன்றியது.

சயாம் காடும் சாங்கி முகாமும்

இவ்வரலாற்றின் ஒரு பக்கம் நம் மண்ணிலும் எழுதப்பட்டுள்ளது. சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் இரயில் பாதையைச் சப்பானியப் படை 1942, 1943ஆம் ஆண்டுகளில் அமைத்தது. மூங்கில் முள் கீறிய சிறு காயம், சத்துணவற்ற உடலில், சில நாள்களில் எலும்பு தெரியும் புண்ணாக விரிந்தது. உயிரைக் காக்கக் காலை எடுப்பதைத் தவிர வேறு வழியில்லாத நிலைக்குப் போர்க் கைதிகளாய் இருந்த மருத்துவர்கள் தள்ளப்பட்டனர். முகாம்களில் கிடைத்த மூங்கிலையும் மரத்தையும் துணியையும் கொண்டு கைதிகளே தம் தோழர்க்குக் கால்கள் செய்தனர். சிங்கப்பூரின் சாங்கி முகாமில் செயற்கைக் கால் செய்யும் பட்டறை ஒன்றே இயங்கியது. கழித்துப் போட்ட உலோகத் தகடுகள் அங்குக் கால்களாயின.

அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரவர் உழைத்தனர். போர்க் கைதிகளுக்குத் தம்மிடையே மருத்துவர்களேனும் இருந்தனர். படை ஒழுங்கு இருந்தது. பின்னாளில் நாட்குறிப்பும் நினைவுநூலும் எழுதும் கைகள் இருந்தன. நம் தொழிலாளர்க்கு இவற்றுள் எதுவும் இல்லை. அவர்களுள் காலில் புண்ணோடு கிடந்தோர் எத்தனை பேர் என்பதை யாரும் எண்ணி வைக்கவில்லை. அந்தத் துயரத்தைத் தமிழில் பதிவு செய்தவற்றுள் ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண ரயில்’ குறிப்பிடத்தக்கது. யாருக்குக் கால் கிடைத்தது என்பதோடு, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதையும் கேட்டால்தான் வரலாறு நிறைவுறும்.

அளந்து பொருத்தும் கலை

இனி, கால் எவ்வாறு உருவாகிறது என்பதைக் காண்போம். செயற்கைக் காலில் பார்வையாளர் கண்ணுக்குத் தெரிவது பாதம். அணிபவர்க்கு முதன்மையானது எஞ்சிய கால் நுழையும் உறை. உறை சரியாக அமையாவிடில் எவ்வளவு விலையுயர்ந்த பாதமும் பயன்படாது.

முழங்காலுக்குக் கீழே கால் நீக்கப்பட்ட ஒருவரை எண்ணிக்கொள்வோம். புண் ஆறி, வீக்கம் தணிந்தபின், எஞ்சிய காலின் மேல் நனைத்த பிளாஸ்டர் துணியைச் சுற்றுகின்றனர். அது இறுகியதும் கழற்றினால் காலின் வெளிவடிவம் உட்குழிவாகப் பதிந்திருக்கும். அக்குழிவில் பிளாஸ்டர்க் குழம்பை ஊற்றி உலரவிட்டால், எஞ்சிய காலின் வடிவம் பிளாஸ்டரில் கிடைக்கும். இனிமேல்தான் கைத்திறன் தொடங்குகிறது. வடிவம் காலை அப்படியே ஒத்திருந்தால் போதாது. முழங்காற்சிப்பிக்குக் கீழுள்ள தசைநாண் உடற்பாரத்தைத் தாங்கவல்லது. ஆகவே அவ்விடத்தில் பிளாஸ்டரைச் சற்றே சுரண்டி எடுக்கின்றனர். அங்கு உறை காலை இறுகத் தாங்கும். எலும்பின் வெட்டுமுனையும், வெளிப்புறத்துச் சிற்றெலும்பின் தலையும் அழுத்தம் பொறாதவை. அங்கெல்லாம் பிளாஸ்டரைக் கூட்டிப் பூசுகின்றனர். அங்கு உறை காலைத் தொடாமல் விலகி நிற்கும். எது தாங்கும், எது தாங்காது என்று அறிந்து பாரத்தைப் பகிர்ந்தளிக்கும் இம்முறை, 1950களின் இறுதியில் கலிபோர்னியாவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் வகுக்கப்பட்டு உலகெங்கும் பரவியது.

திருத்திய வடிவத்தின்மேல் உறையை அமைத்து, அதனோடு தண்டையும் பாதத்தையும் இணைத்து, அணிபவரை இரு கைப்பிடிச் சட்டங்களுக்கிடையே நிற்கச் செய்கின்றனர். இடுப்பு சமமாக உள்ளதா, பாதம் உள்ளே திரும்புகிறதா, குதிகால் ஊன்றும்போது முழங்கால் தள்ளாடுகிறதா என்று நோக்குகின்றனர். சில அடி நடந்தபின் காலைக் கழற்றித் தோலைப் பார்க்கின்றனர். தாங்க வேண்டிய இடத்தில் சிவந்திருந்தால் நன்று. வேறிடத்தில் சிவந்து, அச்சிவப்பு நெடுநேரம் மாறாதிருந்தால் உறையைத் திருத்த வேண்டும். அறுவைக்குப் பின்வரும் மாதங்களில் எஞ்சிய கால் சுருங்கிக்கொண்டே வரும். நேற்று பொருந்திய உறை சில வாரங்களில் தளர்ந்துவிடும். காலுறைகளைக் கூடுதலாக அணிந்து ஓரளவு சமாளிக்கலாம். பின்னர்ப் புதிய உறையே தேவைப்படும். குழந்தையாயின் வளர வளர மாற்ற வேண்டும். செயற்கைக் காலை ஒருமுறை கொடுத்து முடிக்கும் பொருளாகக் கருதுவோர் இந்த உண்மையை மறந்துவிடுகின்றனர்.

ஜெய்ப்பூரில் பிறந்த பாதம்

பெர்க்கிலியில் உருவான பாதமும் சிறந்ததே. கணுக்கால் அசையாது, மெத்தென்ற குதிகால் அதிர்ச்சியைத் தாங்கும். ஆனால் அது காலணிக்குள் மறைந்திருக்க வேண்டியது. நாற்காலியில் அமர்ந்து, சமதரையில் நடப்பவருக்கென எண்ணப்பட்டது. இராசத்தான் உழவர் வெறுங்காலோடு வயலில் இறங்குபவர். தரையில் சம்மணமிட்டு உண்பவர். குந்தியமர்ந்து வேலை செய்பவர். கோயில் வாயிலில் காலணியைக் கழற்றுபவர். ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் எலும்பு மருத்துவராயிருந்த பி.கே. சேத்தி, தம் நோயாளிகள் வாங்கிச் சென்ற கால்களை அணியாமல் ஒதுக்கிவிடுவதைக் கண்டார். குறை நோயாளிகளிடம் இல்லை, காலில்தான் இருந்தது.

அதே மருத்துவமனையில் நோயாளிகளுக்குக் கைவினை கற்பித்துவந்தவர் இராம் சந்திர சர்மா. பரம்பரைக் கைவினைஞர்; பள்ளிக் கல்வி குறைவு; ‘மாசுடர்ஜி’ என்றே எல்லோரும் அழைத்தனர். தம் மிதிவண்டியின் சக்கரம் பழுதுற்ற ஒருநாள், பழுதுபார்க்கும் கடையில் பழைய டயருக்குப் புது ரப்பர் போர்த்திச் சூட்டில் இறுக்குவதை அவர் கண்டார் என்றும், பாதத்தையும் அவ்வாறே வார்க்கலாமே என்னும் எண்ணம் அவருக்கு அங்கு உதித்தது என்றும் கூறுவர். முழு ரப்பரால் செய்த முதற்பாதம் மிகக் கனத்தது. மருத்துவர்களும் சர்மாவும் மீண்டும் மீண்டும் முயன்று, 1968ஆம் ஆண்டையொட்டி ஏற்ற வடிவத்தைக் கண்டனர். குதிகாலிலும் முன்பாதத்திலும் நுண்துளை ரப்பர், கணுக்காலில் மரம், இவற்றைச் சுற்றித் தோல்நிற ரப்பர், எல்லாவற்றையும் அச்சிலிட்டுச் சூடேற்றினால் ஒரே பாதமாய் இறுகிவிடும். பாதம் எல்லாப் பக்கமும் வளைந்து கொடுக்கும், நீர் புகாது, விரல்கள் கூட இயல்பாய்த் தோன்றும். பால்மரத் தோட்டத்தில் வாழ்ந்த தலைமுறையின் வழிவந்த நமக்கு, கந்தகமும் சூடும் சேர்ந்தால் ரப்பர் எவ்வளவு உறுதிபெறும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

தண்டையும் உறையையும் ஊரிலிருந்த தட்டார்கள் அலுமினியத் தகட்டைத் தட்டி உருவாக்கினர். பின்னாளில் தண்ணீர்க் குழாய்க்குப் பயன்படும் நெகிழிக் குழாயைச் சூடாக்கி, பிளாஸ்டர் வடிவத்தின்மேல் இழுத்துப் போர்த்தும் முறை வந்தது. அளவெடுத்த அன்றோ மறுநாளோ நடந்து செல்லும் வாய்ப்பு அதனால் கிட்டியது. கூலிவேலை செய்வோர்க்கு அது சிறிய நன்மை அன்று. தாமே விபத்தில் காலை இழக்கும் நிலைவரை சென்று மீண்ட டி.ஆர். மேத்தா என்னும் ஆட்சிப்பணி அலுவலர், 1975ஆம் ஆண்டு ஓர் அறநிறுவனத்தைத் தொடங்கிக் கால்களைக் கட்டணமின்றி வழங்க வழிசெய்தார். 1981ஆம் ஆண்டு சேத்திக்கு மகசேசே விருது கிடைத்தது. அதே 1981ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் நேர்ந்த விபத்தொன்றில் வலக்காலை இழந்த நடனக் கலைஞர் சுதா சந்திரன், ஜெய்ப்பூர்க் காலோடு 1984ஆம் ஆண்டு மீண்டும் மேடையேறினார். பாதம் வளைந்ததால்தான் பரதம் கூடியது.

புகழும் குறையும்

வரலாற்றைப் புகழ்ச்சியோடு நிறுத்துவது முறையன்று. ஜெய்ப்பூர்க் காலைக் குறித்துத் துறை வல்லுநர் எழுப்பிய குறைகளையும் மாணவர் அறிய வேண்டும். பாதம் கனமானது. கையால் செய்வதால் தரம் ஒன்றுபோல் அமைவதில்லை. விரைவாகத் தட்டியமைத்த உறைகளில், தசைநாண் தாங்கும் நுண்முறை எப்போதும் பின்பற்றப்படவில்லை. முகாம் நடத்தி ஒரே நாளில் பலருக்குப் பொருத்திவிட்டுச் சென்றால், சில மாதம் கழித்து உறை தளரும்போது அவர் யாரிடம் செல்வார்?

இக்கேள்விக்கு விடை, அணிபவர் வாழும் ஊரிலேயே செய்பவரும் இருப்பதுதான். கண்ணிவெடிகள் கால்களைப் பறித்த நாடுகளில் இது தெளிவாயிற்று. செஞ்சிலுவைப் பன்னாட்டுக் குழு, உருகும் நெகிழியைக் கொண்டு உறையமைக்கும் எளிய முறையை வகுத்து, ஆப்கானிசுத்தானிலும் கம்போடியாவிலும் உள்ளூர் மக்களுக்கே, பல இடங்களில் காலிழந்தோர்க்கே, அத்தொழிலைக் கற்பித்தது. இலங்கையில் போர் நிகழ்ந்த ஆண்டுகளில் ஜெய்ப்பூரின் பெயரையே தாங்கிய நிலையம் ஒன்று யாழ்ப்பாணத்தில் இயங்கிவந்தது. வெளியூர் வழிகள் அடைபட்ட காலங்களிலும், காலிழந்த தமிழ் மக்கள் பழுதுபார்க்க ஓர் இடம் இருந்தது. கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் இலங்கை 2017ஆம் ஆண்டு இணைந்தது. வெடிகள் அகற்றப்பட்டாலும், அவற்றால் காலிழந்த ஒரு சிறுமி முதுமை எய்தும்வரை புதுப்புது உறைகள் வேண்டியிருக்கும் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

சொல்லும் மதிப்பும்

மொழியைப் பேணும் மன்றத்தின் சொற்பொழிவு வரிசையில் இப்பொருளின் சொற்களைப் பற்றியும் சில கூற வேண்டும். தமிழில் மரக்கால் என்னும் சொல் பழையது. சிலப்பதிகாரம் கூறும் பதினோராடலுள் மரக்காலாடல் ஒன்று. அவுணர் ஏவிய பாம்பும் தேளும் தீண்டாவண்ணம் கொற்றவை மரக்கால் கட்டி ஆடியதாக மரபு. நாட்டார் கலையில் பொய்க்கால் குதிரை இன்றும் வாழ்கிறது. கலைஞன் விரும்பிக் கட்டுவதைப் பொய்க்கால் என்பதில் தவறில்லை. காலிழந்த ஒருவர் நாள்தோறும் அணிந்து உழைக்கும் காலைப் பொய் என்று அழைப்பது பொருந்துமா? அது பொய்யன்று. அவரைச் சந்தைக்கும் பள்ளிக்கும் கொண்டுசெல்லும் மெய்யான கால். செயற்கைக் கால் என்பதே தகும். அணிபவரைக் குறிக்கும் பழைய இழிசொற்களும் வகுப்பறையிலிருந்து விலக வேண்டும்.

நம் நாடுகளில் இன்று காலிழப்பிற்கு முதன்மைக் காரணம் போரன்று, நீரிழிவு. பேச்சு வழக்கில் இனிப்புநீர் என்கிறோம். பாதத்தில் உணர்ச்சி மரத்துப்போக, சிறு புண் தெரியாமலே வளர்ந்து, இறுதியில் கால் போகிறது. நம் சமூகத்தில் இந்நோய் மிகுந்திருப்பதை யாவரும் அறிவோம். ஆகவே நம் மாணவருள் பலருடைய வீட்டில், பாட்டியோ தாத்தாவோ செயற்கைக் காலை மூலையில் சாத்திவைத்துவிட்டுச் சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கக் கூடும். ‘வாங்கிக் கொடுத்தோம், போட்டுக்கொள்ளவில்லை’ என்று குடும்பத்தார் குறைபட்டுக்கொள்வர். எங்கே உறுத்துகிறது என்று அவரிடம் ஒருமுறை கேட்பதே ஜெய்ப்பூரில் சேத்தியும் சர்மாவும் செய்த பணியின் தொடக்கம். திருத்தத்திற்காக மீண்டும் அழைத்துச் செல்வது நம் கடமை.

முடிவுரை

மன்னனுக்குப் பொன்னில் ஒரு கை, பிரபுவுக்கு நாண் பூட்டிய கால், ஏழைக்குக் கட்டை, தோட்டத் தொழிலாளிக்கு ஒன்றுமில்லை என்பதே நெடுங்காலம் நிலவிய வரிசை. அவ்வரிசையைக் குலைத்தவற்றுள் முதன்மையானது, ஏழை எவ்வாறு அமர்கிறான், எங்கு நடக்கிறான் என்று நோக்கிச் செய்த ரப்பர்ப் பாதம். விருது மருத்துவரை அடைந்தது. அதற்கு அவர் தகுதியுடையவரே. பாதத்தை வார்த்த கைவினைஞரின் பெயரை உலகம் அத்துணை அறியவில்லை. பொற்கைப் பாண்டியனின் கதையை அடுத்தமுறை வகுப்பில் சொல்லும்போது, நீதிக்குத் தலைவணங்கிய மன்னனைப் போற்றுவோம். அதன்பின், அக்கையைச் செய்தவன் யார், எப்படி அளந்திருப்பான் என்று மாணவரைக் கேட்போம். அவ்வினாவைக் கேட்டு வளரும் பிள்ளைகளுள் ஒருவரேனும் பிளாஸ்டரைக் கையிலெடுத்து இத்தொழிலைக் கற்க முன்வருவாராயின், இவ்வுரையின் பயன் அதுவே.